முதல் போல்ட் ஆக்‌ஷன் ரைபிள்: கனடாவில் வேட்டைக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கனடாவில் சில குளிர்காலங்களைக் கழித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். நவம்பர் வந்தால் வேலையிடத்தில் இரண்டு மூன்று பேர் ஒரு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு வடக்கே மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள். வாய்ப்பு அமைந்தால் அந்தக் குளிர்காலம் முழுக்க அவர்கள் வீட்டு ஃப்ரீசரில் இறைச்சி இருக்கும். நாமும் ஒருமுறை போய்ப் பார்த்தால் என்ன என்று யோசிக்கும் தமிழர்கள் இப்போது கூடி வருகிறார்கள். அவர்கள் முதலில் கேட்பது, ‘எந்த ரைபிள் வாங்கலாம்?’ என்பதுதான். அதற்கான பதில் இந்தக் கட்டுரை.

முன்பே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. ஆகவே இங்கே எழுதியிருப்பது கனடாவுக்கு மட்டுமே பொருந்தும். கனடாவிலும் மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறும்.

உரிமம் கைக்கு வரும்வரை கடையில் வேலையில்லை

துப்பாக்கி வைத்திருக்கவும் வாங்கவும் பி.ஏ.எல். என்ற உரிமம் வேண்டும். அதற்குக் கனடியத் துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்சி வகுப்புக்குப் போய், எழுத்துத் தேர்விலும் செய்முறைத் தேர்விலும் தலா 80 சதவீதம் எடுக்க வேண்டும். அப்புறம் விண்ணப்பம். முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்குக் குறைந்தது 28 நாள் காத்திருப்பு உண்டு. நடைமுறையில் அதைவிடக் கூடுதலாகவே ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாட்சிக்கு ஆட்களைக் கேட்பார்கள், கணவர் அல்லது மனைவி பற்றிய விவரமும் கேட்பார்கள். எனவே வீட்டில் பேசி முடிவெடுத்த பிறகே படிவத்தைத் தொடுங்கள். குடியுரிமை இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம்.

வேட்டைக்கு மாகாண அரசு தரும் உரிமம் தனி. ஒன்ராறியோவில் வேட்டைக் கல்வி வகுப்பையும் துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பையும் ஒரே வார இறுதியில் சேர்த்து நடத்துபவர்கள் இருக்கிறார்கள். அதுவே வசதி.

சாதாரண வேட்டை போல்ட் ஆக்‌ஷன்கள் (ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இயக்கி ஏற்றும் ரைபிள்கள்) அநேகமாக எல்லாமே சட்டத்தின் ‘கட்டுப்பாடற்ற’ பிரிவில் வருபவை. 2020க்குப் பிறகு தடைப் பட்டியல் பலமுறை நீண்டிருக்கிறது. அதில் பெரும்பாலானவை அரைத்தானியங்கிகள், அதாவது ஒருமுறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாகவே ஏறும் வகை. ஆனாலும் பணம் கொடுக்கும் முன் அந்த மாடல் எந்தப் பிரிவில் இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். விற்பவர் கடைக்காரரானாலும் தனி ஆளானாலும், உங்கள் உரிமத்தை அரசிடம் சரிபார்த்து ஒரு குறிப்பெண் வாங்கிய பிறகே கைமாற்ற முடியும். கியூபெக்கில் நீளத் துப்பாக்கிகளுக்கு மாகாணப் பதிவும் உண்டு.

பயிற்சி வகுப்பில் ‘ஆக்ட்ஸ்’, ‘ப்ரூவ்’ என்று, ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்த இரண்டு பாதுகாப்புப் பட்டியல்களைச் சொல்வார்கள். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா நிரப்பியதாகவே நினை, குழல் வாயைப் பாதுகாப்பான திசையிலேயே வை, விரலை ட்ரிக்கரிலிருந்து விலக்கி வை, காலியாக இருக்கிறதா என்று நீயே பார். இவை ஆக்ட்ஸ். திசை பார்த்து, தோட்டாக்களை எடுத்து, சேம்பரை (தோட்டா உட்காரும் அறை) கண்ணால் பார்த்து, தோட்டா ஏறும் வழியைச் சோதித்து, குழலுக்குள் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது ப்ரூவ். தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு மறந்துவிடாதீர்கள். கடைக்காரர் ஒரு ரைபிளைக் கையில் கொடுத்த அந்த நொடியிலேயே இதைச் செய்ய வேண்டும். அவர் போல்டைத் திறந்து காட்டியே கொடுத்தாலும் நீங்கள் ஒருமுறை பார்க்க வேண்டும். அனுபவமுள்ள கடைக்காரர்கள் இதை வைத்தே உங்களை எடைபோடுவார்கள்.

ஏன் போல்ட் ஆக்‌ஷன்?

கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே இறக்கினால் ஒரு தோட்டா ஏறிப் பூட்டிக்கொள்ளும். உள்ளே நடப்பது இவ்வளவுதான். ஜெர்மனியின் பால் மவுசர் 1898இல் முடித்துக்கொடுத்த வடிவம்தான் இன்றைய பெரும்பாலான வேட்டை ரைபிள்களுக்கு மூலம். பாகங்கள் குறைவு, பனியிலும் மண்ணிலும் அவ்வளவு எளிதில் சிக்காது. புதியவருக்கு இன்னொரு பெரிய வசதியும் இருக்கிறது. போல்டைக் கழற்றி எடுத்துவிட்டால் அந்தத் துப்பாக்கி சுடாது என்பது பார்த்தவுடனேயே தெரியும்.

தமிழ்நாட்டில் ‘த்ரீ நாட் த்ரீ’ என்று போலீஸ்காரர் தோளில் பார்த்துப் பழகிய லீ என்ஃபீல்டும் இந்த இனம்தான். கனடாவின் வட துருவப் பகுதியில் ரோந்து போகும் கனடியன் ரேஞ்சர்கள் பல பத்தாண்டுகள் அதே .303 லீ என்ஃபீல்டை வைத்திருந்தார்கள். பனிக்கரடி வரும் நிலம் அது, துப்பாக்கி மக்கர் பண்ணக் கூடாது. அதற்குப் பதிலாக இப்போது அவர்களுக்குக் கொடுத்திருப்பது டிக்கா டி3எக்ஸ் என்ற ரைபிளை அடிப்படையாகக் கொண்ட சி-19. அதுவும் போல்ட் ஆக்‌ஷன், தோட்டா .308. பொதுப் பயன்பாட்டுக்கு எது சரி என்று யோசிப்பவர்களுக்கு இது நல்ல குறிப்பு.

முதலில் தோளுக்குப் பொருந்த வேண்டும்

புதியவர்கள் தோட்டா வகையைப் பற்றி மாதக்கணக்கில் படிப்பார்கள், துப்பாக்கி தன் உடம்புக்குப் பொருந்துகிறதா என்று ஒரு நிமிடம் பார்க்க மாட்டார்கள். என் அனுபவத்தில் முதல் ரைபிளைக் கெடுப்பது இதுதான். பொருந்தாத ரைபிள் அதிகமாக உதைக்கும். உதைக்கும் ரைபிளை ரேஞ்சுக்கு (சுடும் பயிற்சி இடம்) எடுத்துப்போக மனம் வராது. பயிற்சி நின்றுபோகும்.

ஸ்டாக்கின் (தோளில் வைக்கும் கட்டை) பின்முனையிலிருந்து ட்ரிக்கர் வரையுள்ள நீளம் பெரும்பாலான ரைபிள்களில் 13.5 அங்குலத்தை ஒட்டி இருக்கும். வட அமெரிக்க சராசரி ஆணை மனத்தில் வைத்துச் செய்த அளவு அது. நம்மில் பலருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கு, அது நீளம். அதன் மேல் தடித்த குளிர் ஜாக்கெட் வேறு. கடைக்குப் போகும்போது வேட்டையில் போடப்போகும் ஜாக்கெட்டையே போட்டுக்கொண்டு போங்கள்.

இப்படிப் பாருங்கள். துப்பாக்கி காலி என்று உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் எந்தப் பக்கம் நீட்டலாம் என்று கேளுங்கள். சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடி, ரைபிளைத் தோளுக்கு ஏற்றி, கன்னத்தை ஸ்டாக்கில் சாய்த்து, பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்புக்குள் (ரைபிள் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கி) வட்டம் முழுசாகத் தெரிந்தால் பொருத்தம் சரி. ஓரத்தில் கறுப்புப் பிறை தெரிந்தாலோ, கழுத்தை நீட்டித் தேட வேண்டி வந்தாலோ, ஸ்டாக் நீளமாகவோ உயரம் பிசகியோ இருக்கிறது. ஐந்தாறு முறை செய்யுங்கள், வெட்கப்பட வேண்டாம். பல நிறுவனங்கள் ‘காம்பாக்ட்’ என்ற பெயரில் குட்டை ஸ்டாக் வைத்து விற்கின்றன. சிலவற்றில் தகடு செருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம்.

எந்தக் கண் ஆளும் கண் என்பதையும் வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். இரு கைகளாலும் சின்ன முக்கோண இடைவெளி செய்து அதன் வழியாகத் தூரத்துப் பொருளைப் பாருங்கள், பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடுங்கள். எந்தக் கண் திறந்திருக்கும்போது பொருள் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் ஆளும் கண். வலதுகைக்காரருக்கு இடதுகண் ஆள்வதும் உண்டு. அப்படியானால் ரேஞ்சில் இரண்டு தோளிலும் சுட்டுப் பார்த்த பிறகே வலது போல்டா இடது போல்டா என்று முடிவெடுங்கள்.

எடையில் பேராசை வேண்டாம். ஸ்கோப் இல்லாமல் 6.5 முதல் 7.5 பவுண்டு வரை நல்லது. அதைவிட இலேசானது நடக்கச் சுகம், சுடும்போது தோள் வலிக்கும்.

தோட்டா: .308 என்று ஆரம்பித்து, காரணம் இருந்தால் மாறுங்கள்

கனடாவில் ஒரே ரைபிளால் வெள்ளைவால் மான், கருங்கரடி, மூஸ் மூன்றையும் பார்க்க வேண்டும் என்றால் என் பரிந்துரை .308 வின்செஸ்டர். 1952இல் வந்தது. சின்ன ஊர்க் கடையிலும் கிடைக்கும், வகைகள் ஏராளம். தோட்டாவின் முனையிலிருந்து பாய்ந்து போகும் பகுதிதான் குண்டு, அதன் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். 150 கிரெய்ன் குண்டு மானுக்கு, 165 அல்லது 180 கிரெய்ன் மூஸுக்கு. காட்டுக்குள் நடக்கும் வேட்டையில் பெரும்பாலும் 100 கஜத்துக்குள்தான் சுடுவீர்கள். அதற்கு இது தாராளம்.

.30-06 ஸ்ப்ரிங்ஃபீல்ட் 1906இலிருந்து இருக்கிறது. கனமான குண்டில் .308ஐவிடக் கொஞ்சம் வலு கூடுதல், உதையும் கூடுதல். மூஸ் வேட்டையே முக்கியம் என்றால் தாராளமாக எடுக்கலாம்.

உதை பிடிக்காதவர்களுக்கும் சிறிய உடல்வாகு உள்ளவர்களுக்கும் 7மிமீ-08 ரெமிங்டன் அருமையான தோட்டா. .308இன் பித்தளைக் கூட்டையே கழுத்தைச் சுருக்கிச் செய்தது. உதை குறைவு, மானுக்கும் மூஸுக்கும் போதும். கடைகளில் வகைகள் குறைவு என்பதுதான் குறை. 6.5 க்ரீட்மோரும் அதே அளவுக்கு மென்மை, இப்போது எங்கும் கிடைக்கிறது. மூஸுக்கு அதை எடுப்பவர்கள் நல்ல உறுதியான குண்டைத் தேர்ந்தெடுத்து, தூரத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ள வேண்டும்.

.243 மானுக்கும் கொயோட்டிக்கும் நல்லது, மூஸுக்கு நான் சொல்ல மாட்டேன். .270 வின்செஸ்டர் 1925இலிருந்து மலையிலும் சமவெளியிலும் பெயரெடுத்தது, வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் வேறு தேட வேண்டாம். .300 வின்செஸ்டர் மேக்னம் முதல் ரைபிளுக்கு வேண்டவே வேண்டாம். அதன் உதையிலும் சத்தத்திலும் ட்ரிக்கரை அழுத்தும் முன்பே கண்ணைச் சிமிட்டும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும், பிறகு அதைக் கழற்ற ஆண்டுகள் ஆகும்.

ஒரு எச்சரிக்கை. குழலில் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும் தோட்டாவின் அடியில் பொறித்திருக்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். பார்க்க ஒரே மாதிரி இருக்கிறதே என்று எதையும் போட்டுவிடாதீர்கள், சேம்பரே வெடிக்கலாம். இன்னொன்று: தெற்கு ஒன்ராறியோவின் பல பகுதிகளில் மானுக்கு ரைபிளே கூடாது, ஷாட்கன் மட்டும்தான். நீங்கள் போகப்போகும் வனவிலங்கு மேலாண்மை அலகின் (வேட்டைக்காக மாகாணம் பிரித்திருக்கும் பகுதி) விதியை வாசித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கையில் எடுத்ததும் எதைப் பார்ப்பது

கடையின் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் நின்று போல்டை மெதுவாக இழுப்பது சோதனையாகாது. துப்பாக்கி தோளில் இருக்கும்போதே, கன்னத்தை எடுக்காமல் போல்டை இயக்கிப் பாருங்கள். வேட்டையில் இரண்டாவது தோட்டாவை அப்படித்தான் ஏற்ற வேண்டும். கைப்பிடி ஸ்கோப்பில் விரலை நசுக்குகிறதா, பாதியில் கோணிக்கொண்டு நிற்கிறதா? கையுறையோடும் பாருங்கள்.

ட்ரிக்கர் இழுவை 3 பவுண்டுக்குப் பக்கமாக, இழுக்கும்போது கரகரக்காமல், கண்ணாடிக் குச்சி உடைவதுபோல் ஒரே இடத்தில் விட வேண்டும். பல ரைபிள்களில் இதை உரிமையாளரே திருகாணியால் மாற்றலாம். சேஃப்டியைப் போட்ட நிலையிலேயே போல்டைத் திறந்து தோட்டாவை வெளியே எடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் நல்லது, காட்டிலிருந்து வண்டிக்குத் திரும்பும்போது அதன் அருமை தெரியும். கழற்றும் மேகசின் (தோட்டாப் பெட்டி) வசதிதான், ஆனால் அது தொலைந்தால் வேட்டை அன்றோடு முடிந்தது, உதிரி ஒன்று சேர்த்து வாங்குங்கள். மேகசின் ரைபிளோடேயே இருந்து அடியில் கதவு திறக்கும் வகையில் அந்தக் கவலை இல்லை.

குழல் 22 அங்குலம் போதும். வால்நட் மரக்கட்டை அழகு. ஆனால் பனியும் மழையும் மாறி மாறி வரும் நாட்டில் முதல் ரைபிளுக்குச் செயற்கை ஸ்டாக்கும் துருப்பிடிக்காத எஃகும் கவலையைப் பாதியாக்கும்.

மாடல்கள் என்று கேட்டால்: பணம் இறுக்கமாக இருந்தால் சாவேஜ் ஆக்சிஸ் அல்லது ரூகர் அமெரிக்கன். இரண்டும் தோற்றத்தில் எளிமை, குறி தப்பாதவை. கொஞ்சம் கூட்ட முடிந்தால் ஜப்பானின் ஹோவா 1500, அல்லது அதே தொழிற்சாலையிலிருந்து வரும் வெதர்பி வான்கார்ட். பின்லாந்தின் டிக்கா டி3எக்ஸ் போல்ட் வழுக்கிக்கொண்டு போகும் விதத்துக்காகவே நான் முதலில் எடுத்துக் காட்டும் ரைபிள். வின்செஸ்டர் மாடல் 70, ரெமிங்டன் 700 இரண்டும் பழைய பெயர்கள். பயன்படுத்திய நிலையில் நிறையக் கிடைக்கும். வாங்கினால் அந்த வரிசை எண்ணுக்கு நிறுவனம் திரும்பப்பெறும் அறிவிப்பு ஏதும் விட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

பழையது வாங்குபவர்கள் சிறு டார்ச் கொண்டுபோய்க் குழலுக்குள் பார்க்க வேண்டும். உள்ளே சுருளாக ஓடும் வரிப்பள்ளங்கள் கூர்மையாக, பளபளவென்று இருக்க வேண்டும். குழல் வாய் விளிம்பில் நசுங்கல் இருந்தால் விட்டுவிடுங்கள். ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தால் யாரோ தெரியாமல் கைவைத்திருக்கிறார்கள். துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் காட்டாமல் பழைய ரைபிளைச் சுடாதீர்கள். முதல் உலகப் போரில் கனடியப் படை வைத்திருந்த ராஸ் ரைபிள் இன்றும் அங்கங்கே விலைக்கு வரும். அதன் 1910ஆம் ஆண்டு வடிவத்தில் போல்டைத் தவறாகக் கோத்துவிட்டால் பூட்டாமலேயே சுட்டு, போல்ட் முகத்தை நோக்கிப் பின்னால் பாயக்கூடும். சேகரிப்பவர்களிடம் அது இருக்கட்டும்.

ஸ்கோப்புக்குத் தனியாகப் பணம் ஒதுக்குங்கள்

ரைபிளுக்கே எல்லாப் பணத்தையும் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு ஸ்கோப் வாங்குபவர்கள் அதிகம். விலை குறைந்த ரைபிளும் நல்ல ஸ்கோப்பும் சேர்ந்தால் நன்றாகச் சுடலாம். விடிகாலை அரையிருட்டில் மானின் உருவத்தைப் பிரித்துக் காட்டுவது கண்ணாடியின் தரம்தான். 3-9x40 போதும், அதாவது 3 முதல் 9 மடங்கு பெரிதாக்கும், முன் கண்ணாடி 40 மிமீ. அடர்ந்த காட்டில் எப்போதும் 3லேயே வைத்திருங்கள், மான் பக்கத்தில் எழுந்தால் 9இல் வெறும் மயிர்தான் தெரியும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையே குறைந்தது மூன்றரை அங்குலம் இருக்க வேண்டும், இல்லையென்றால் உதையில் புருவம் கிழியும். ஸ்கோப்பைப் பிடித்திருக்கும் வளையங்களின் ஸ்க்ரூக்களை நிறுவனம் சொன்ன அளவுக்கு, முறுக்கு அளக்கும் கருவியால் இறுக்குங்கள், அல்லது கடையிலேயே செய்துதரச் சொல்லுங்கள்.

குறி சரிசெய்வது

ரேஞ்சில் ரைபிளை மணல்பைகளில் உட்கார வைத்து, போல்டைக் கழற்றிவிட்டு, குழலின் பின்புறம் வழியாக 25 கஜத்திலுள்ள இலக்கைப் பாருங்கள். இலக்கு குழலின் நடுவில் தெரியும்போது, ரைபிளை அசைக்காமல், ஸ்கோப்பின் குறுக்குக்கோட்டை அதே இலக்குக்கு நகர்த்துங்கள். பிறகு போல்டைப் போட்டு ஒரு தோட்டா. பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் ஒரு க்ளிக் 100 கஜத்தில் கால் அங்குலம் நகர்த்தும். அதே க்ளிக் 25 கஜத்தில் அதில் நாலில் ஒரு பங்குதான், அதாவது ஒரு அங்குலம் நகர 16 க்ளிக். இந்தக் கணக்கு தெரியாமல்தான் பலர் ஒரு பெட்டித் தோட்டாவை வீணாக்குகிறார்கள். 25இல் நடுவுக்கு வந்ததும் 100 கஜத்துக்குப் போய் மூன்று மூன்றாகச் சுட்டு, மூன்றின் நடுப்புள்ளியைப் பார்த்துத் திருத்துங்கள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் திருகிக்கொண்டிருந்தால் முடியவே முடியாது. மூன்று சுட்டதும் குழலை ஆறவிடுங்கள். காதுக் கவசம், கண்ணாடி இரண்டும் கட்டாயம்.

தோட்டாவின் தயாரிப்பை மாற்றினால் குறியும் மாறும். இரண்டு மூன்று வகை வாங்கிச் சுட்டு, உங்கள் ரைபிளுக்குப் பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்து, அதையே நிறைய வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மணல்பையை விட்டு எழுந்துவிடுங்கள். 8 அங்குலக் காகிதத் தட்டை வைத்து உட்கார்ந்தும், மண்டியிட்டும், தடியில் சாய்த்தும் ஐந்து ஐந்தாகச் சுடுங்கள். மானின் நெஞ்சுப் பகுதி ஏறக்குறைய அந்தத் தட்டு அளவுதான். ஐந்தும் தட்டுக்குள் விழும் தூரம் எதுவோ அதுவே இந்த ஆண்டு உங்கள் எல்லை. அது 80 கஜம் என்றால் 80 கஜம். காயப்பட்டு ஓடி, கண்டெடுக்க முடியாமல் காட்டில் சாகும் விலங்குக்கு நாம்தான் பொறுப்பு. பட்ஜெட் கொஞ்சம் இடம் கொடுத்தால் ஒரு .22 போல்ட் ஆக்‌ஷனும் வாங்குங்கள். பெரிய விலங்குக்கு அது ஆகாது, பயிற்சிக்கு அதைவிட மலிவு எதுவும் இல்லை.

வீட்டில் வைப்பதும் குளிரில் எடுப்பதும்

துப்பாக்கி எப்போதும் காலியாக இருக்க வேண்டும். அதோடு ட்ரிக்கர் பூட்டு போட வேண்டும், அல்லது போல்டைக் கழற்றிவிட வேண்டும், அல்லது எளிதில் உடைக்க முடியாத பெட்டியிலோ அறையிலோ பூட்டி வைக்க வேண்டும். சட்டம் கேட்பது இவற்றில் ஒன்றை. குழந்தைகள் இருக்கும் வீட்டில் நான் இரண்டைச் சேர்த்தே செய்யச் சொல்வேன்: எஃகு அலமாரியில் பூட்டிய ரைபிள், வேறு இடத்தில் பூட்டிய போல்ட். தோட்டாக்கள் தனியாகப் பூட்டில். சாவி எங்கே என்பது உரிமம் உள்ளவருக்கு மட்டும் தெரியட்டும். வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால் அந்தக் காலம் முடியும்வரை சட்டப்படி வைத்திருக்கக்கூடிய வேறொருவரிடம் ஒப்படைத்துவிடுங்கள்.

வண்டியை விட்டு இறங்கிப் போகும்போது துப்பாக்கி டிக்கியில் பூட்டி, வெளியே தெரியாமல் இருக்க வேண்டும். ஒன்ராறியோவில் துப்பாக்கிப் பருவத்தில் மானுக்கும் மூஸுக்கும் போகிறவர்கள் பளிச்சென்ற ஆரஞ்சு மேலாடையும் தொப்பியும் அணிவது கட்டாயம். ரைபிளோடு சேர்த்து அதையும் அன்றே வாங்கிவிடுங்கள்.

கடும் குளிரில் எண்ணெய் தடித்துப்போய், சுடும் ஊசி மந்தமாகி, ட்ரிக்கரை இழுத்தால் ‘டிக்’ என்று மட்டும் கேட்கும். பருவம் தொடங்கும் முன் போல்டைப் பிரித்து எண்ணெயைத் துடைத்து, குளிருக்கென்றே உள்ள உலர் மசகை மெலிதாகப் பூசுங்கள். மைனஸ் 20இல் அலைந்த ரைபிளைச் சூடான வீட்டுக்குள் உறையிலிருந்து உருவினால், சில நிமிடங்களிலேயே குழல் முழுக்க வியர்த்து, போல்டுக்குள்ளும் நீர் இறங்கிவிடும். மறுநாள் வெளியே போனதும் அந்த நீர் உறைந்து ஊசியைப் பிடித்துக்கொள்ளும். வெளியிலேயே தோட்டாவை எடுத்து, காலி என்று பார்த்து, உறைக்குள் வைத்து மூடிக்கொண்டு வாருங்கள். பூட்டிய அறையில் மூடியபடியே சில மணி நேரம் கிடந்து அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறந்து, துடைத்து, அலமாரியில் வையுங்கள்.